ஐந்து மணிக்கு எழச் சொல்லாதீர்கள்

மனநலம் காக்க அன்றாட ஒழுங்கு என்று எந்த வார இதழைப் புரட்டினாலும், எந்த வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் ஒரே பட்டியல்தான். காலை ஐந்து மணிக்கு எழுங்கள். வெறும் வயிற்றில் வெந்நீர் குடியுங்கள். அரை மணி நேரம் நடங்கள். பத்து நிமிடம் கண்ணை மூடி உட்காருங்கள். இரவு பத்து மணிக்கெல்லாம் படுத்துவிடுங்கள். சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால், குன்றத்தூரில் என் தெருவில் பாதிப் பேர் காலை ஐந்து மணிக்குள் எழுந்து, குளித்து, டிபன் பாக்ஸோடு கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பார்கள். மீதிப் பேரில் பலர் ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ மெஷின் முன்னால் நின்று, ஆறு மணி எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரவு பத்து மணிக்குப் படுக்கச் சொல்கிறீர்கள். எங்களுக்கு நைட் ஷிப்ட் பஞ்ச் அடிக்கும் நேரமே அதுதான்.

நான் ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் சி.என்.சி. ஆபரேட்டர். சொந்த ஊர் செய்யாறு பக்கம். ஐ.டி.ஐ. முடித்த கையோடு இங்கே வந்தவன், இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஷிப்ட் பார்க்கிறேன். மனதைப் பேணுவது பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த வேலை கற்றுக்கொடுத்தது. அதில் இரண்டு விஷயங்களைப் பொதுவில் வைக்க விரும்புகிறேன். ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கும் அன்றாட ஒழுங்கு சாத்தியம்; மணியைப் பார்த்து அமைக்காமல், தூங்கி எழுவதை வைத்து அமைக்க வேண்டும். இரண்டாவது, அந்த ஒழுங்கில் பாதிதான் எங்கள் கையில் இருக்கிறது. மறுபாதி, ஷிப்ட் சார்ட் போடுகிறவர்கள் கையில்.

மூன்று ஷிப்ட் ஊர்

குன்றத்தூருக்குப் பழைய பெருமை சேக்கிழார். பெரியபுராணம் பாடியவர் பிறந்த ஊர். மலைமேல் வடக்கு பார்த்து நிற்கும் முருகன் அடுத்த பெருமை. புதிய தலைமுறைக்கு இது வாடகை வீட்டு ஊர். 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டி, 1998-இல் கார் வெளிவரத் தொடங்கியதும் இந்தப் பக்கத்தின் தலையெழுத்தே மாறியது. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என்று சிப்காட் விரிய விரிய, வேலைக்கு வந்தவர்கள் குன்றத்தூர், மாங்காடு, படப்பை என்று வீடு தேடினார்கள். முதலில் திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பிள்ளைகள். இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகளும்.

வந்தவர்கள் எல்லோரும் மூன்றில் ஒரு கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். ஏ ஷிப்ட் காலை ஆறிலிருந்து இரண்டு. பி ஷிப்ட் இரண்டிலிருந்து இரவு பத்து. சி ஷிப்ட் பத்திலிருந்து மறுநாள் காலை ஆறு. ஆலைக்கு ஆலை அரை மணி முன்னே பின்னே இருக்கும். ஆட்களை ஏற்றி இறக்கிப் போவதால் பஸ் பயணம் ஒரு வழிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். வாரம் ஒருமுறை ஷிப்ட் மாறும். அதாவது, ஒரு மாதத்துக்குள் மூன்று வெவ்வேறு ஊர்களின் நேரத்தில் வாழ்ந்துவிட்டு வருகிறோம், ஒரகடத்தைத் தாண்டாமலே.

இதோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொள்கிறது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தபோது ஊரே பூரித்தது. 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் 2022-இல் உற்பத்தி நின்றது. அந்த வேலைகளை நம்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்களையும் வீட்டுக்கடன் வாங்கியவர்களையும் எங்களுக்குத் தெரியும். ஆகவே, தலைவலி என்று லீவு போடுவதற்கு முன்னால் ஒவ்வொருவனும் இரண்டு முறை யோசிக்கிறான்.

உடம்புக்குள் ஓடும் கடிகாரம்

தூக்கமில்லாதவனுக்குக் கோபம் வரும் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான். ஏன் என்பதை விஞ்ஞானிகள் நுணுக்கமாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் உடம்பின் செல்களுக்குள் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பழ ஈக்களை வைத்து அந்தக் கடிகாரத்தின் மரபணு இயக்கத்தைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. வெளிச்சம் கண்ணில் பட்டால் அந்தக் கடிகாரம் ‘பகல்’ என்று எடுத்துக்கொள்ளும். இருட்டானால் மெலடோனின் என்ற சுரப்பு கூடி, உடம்பு தூக்கத்துக்குத் தயாராகும். ராத்திரி முழுக்க ட்யூப்லைட்டுக்குக் கீழே நின்றுவிட்டு, காலை வெயிலில் பஸ்ஸில் வந்து படுக்கிறவனின் உடம்பில் எல்லாம் தலைகீழாக நடக்கிறது. பகலில் படுத்தால் தூக்கம் இரவைவிடக் குறைவாகத்தான் பிடிக்கும். பிடித்தாலும் லேசாகத்தான் இருக்கும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2007-லேயே இரவு ஷிப்ட் வேலையை, புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் ‘அநேகமாக’ என்ற பிரிவில் சேர்த்தது. 2019-இல் மறுபடி ஆராய்ந்து அதையே உறுதி செய்தது.

மனதுக்கு நேர்வது இதைவிட நிதானமாக நேர்வதால் யார் கண்ணிலும் படுவதில்லை. எங்கள் லைனில் யாரும் வந்து ‘எனக்கு மன அழுத்தம்’ என்று சொன்னதில்லை. கேஸ் பிடித்திருக்கிறது என்பார்கள். படபடப்பாக இருக்கிறது, மண்டை காய்கிறது என்பார்கள். ஃபர்ஸ்ட் எய்ட் ரூமில் ஜெலுசில் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி மெஷினுக்குப் போவார்கள். வீட்டில் ஒன்றுமில்லாததற்குக் கத்துவார்கள். மச்சான் கல்யாணத்துக்குப் போக முடியாமல், பிள்ளையின் பள்ளி ஆண்டுவிழாவுக்குப் போக முடியாமல், கடைசியில் யாரும் கூப்பிடுவதையே நிறுத்திவிடுவார்கள். அந்த இடத்துக்கு வந்தவனிடம் போய் காலை ஐந்து மணிக்கு எழுந்து நட என்று சொன்னால், இதைக்கூட நம்மால் செய்ய முடியவில்லையே என்ற குறையும் அவன் தலையில் ஏறும்.

என் ஒழுங்கு

அதனால் என் ஒழுங்கில் மணி கிடையாது. வரிசை மட்டும் உண்டு. முதல் இடம் தூக்கத்துக்கு.

எங்கள் படுக்கையறை ஜன்னலில் ஒரு கல்யாண ஃபிளெக்ஸ் பேனர் இருக்கிறது. தெருமுனையில் கட்டியிருந்ததை, விசேஷம் முடிந்ததும் கேட்டு வாங்கி வந்தேன். பேனரின் பின்பக்கம் கறுப்பு. ஜன்னல் அளவுக்கு வெட்டி, நாலு ஓரமும் கண் விட்டு, ஆணியில் மாட்டியிருக்கிறோம். நைட் ஷிப்ட் வாரம் மாட்டுவோம், மற்ற வாரம் கழற்றிவிடுவோம். மாப்பிள்ளையும் பெண்ணும் தெருவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே பகல் பன்னிரண்டு மணிக்கும் கும்மிருட்டு. இதற்கு ஆன செலவு ஆணிக்கு மட்டும்தான். காலை பஸ்ஸில் வரும்போது தொப்பியைக் கண்வரைக்கும் இறக்கிவிட்டுக்கொள்வேன். உடம்பு வெளிச்சத்தைப் பார்த்து விழித்துக்கொள்ளாமல் இருக்க அது.

கதவில் ஓர் அட்டை தொங்கும்: ‘நைட் ஷிப்ட். மூன்று மணிக்கு மேல் வரவும்.’ ப்ளஸ் ஒன் படிக்கும் மகள் ஸ்கெட்ச் பேனாவில் எழுதியது. சிலிண்டர் போடுகிற தம்பியும் தண்ணீர் கேன் போடுகிறவரும் பழகிவிட்டார்கள். பெல்லை அடிக்காமல் வாசலிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். என் போன் சமையலறையில், அரிசி டப்பாவுக்கு மேல் இருக்கும். அவசரம் என்றால் யாரும் என் மனைவியைக் கூப்பிடலாம். பல்லாவரம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறாள், இடைவேளையில் எடுப்பாள். பகலில் நான் தூங்கும்போது மிக்ஸி ஓடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சட்னியை முதல்நாள் இரவே அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவாள். ஆடி மாதம் மட்டும் எங்கள் சட்டம் செல்லாது. அம்மன் கோயில் ஸ்பீக்கருக்கு எதிராக நான் எதுவும் செய்ய முடியாது. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படுப்பேன்.

அடுத்தது, எழுந்தவுடன் செய்கிற நாலு காரியம். எழுவது காலை நாலரையோ, எட்டோ, மதியம் இரண்டரையோ, வரிசை மாறாது. பல் விளக்குவது. ஒரு சொம்புத் தண்ணீர். வாசலிலோ மொட்டை மாடியிலோ பத்து நிமிடம் வெளிச்சத்தில் நிற்பது. அப்புறம்தான் காபி, அதற்கும் அப்புறம்தான் போன். ஏ ஷிப்ட் வாரத்தில் எழும்போது இன்னும் விடிந்திருக்காது. அப்போது வெளிச்சத்தில் நிற்பது பஸ்ஸை விட்டு இறங்கி ஆலை கேட் வரைக்கும் நடக்கிற நேரம்தான். இந்த நாலும் முடிந்தால், எந்த ஷிப்டாக இருந்தாலும் இது எனக்குக் காலை என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது.

மூன்றாவது, சாப்பாடு. ராத்திரி பன்னிரண்டரைக்கு கேன்டீனில் முழுச் சாப்பாடு போடுவார்கள். சுடச்சுடச் சோறு, குழம்பு, பொரியல். அந்த நேரத்தில் வயிறு தூங்குகிற வேலையில் இருக்கும். வீட்டிலேயே நிறைவாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால், நடுராத்திரியில் கொஞ்சம் தயிர்சாதமும் ஒரு வாழைப்பழமும் போதும். ஜெலுசில் தேடுகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுவே மருந்து. நாலு மணி டீயை நான் குடிப்பதில்லை. உள்ளே போன கஃபீனில் பாதி கரையவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். நாலு மணிக்குக் குடித்த டீ, எட்டு மணிக்குப் படுக்கும்போதும் வேலை செய்துகொண்டிருக்கும். அந்த இடைவேளையில் ஒரு கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டு, மெஷின் சத்தம் கேட்காத இடமாகப் பார்த்துப் பத்து நிமிடம் உட்காருவேன்.

நாலாவது, உடம்பு அசைய வேண்டும். மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்பதும் நடப்பதும் ஒன்றாகாது. எனக்கு முருகன் கோயில் மலை இருக்கிறது. 84 படி. பி ஷிப்ட் வாரத்தில் காலையிலும், மற்ற வாரங்களில் மாலையிலும் நிதானமாக ஏறி இறங்குவேன். பக்தி உள்ளவர்கள் பக்தியோடு ஏறலாம். மற்றவர்களுக்கும் மூச்சு வாங்கத்தான் செய்யும். மலை இல்லாத ஊர்க்காரர்களுக்கு மொட்டை மாடிப் படி உண்டு.

ஐந்தாவது, பேச்சு. கம்பெனி பஸ்ஸில் ஐம்பது பேர் வருவோம், ஐம்பது பேர் காதிலும் இயர்போன் இருக்கும். வீட்டிலோ, நான் வரும்போது மனைவி கிளம்புவாள். அதனால் தினசரி காலண்டர் பக்கத்தில் மாதம் முழுக்க என் ஷிப்டை ஏ, பி, சி என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். எந்த வாரமானாலும் ஏதாவது ஒரு வேளைச் சாப்பாடு மூன்று பேரும் சேர்ந்து. அதை அந்தத் தாளில் வட்டம் போட்டு வைப்போம். பி ஷிப்ட் வாரத்தில் அது ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தள்ளிப்போகும். போனாலும் வட்டம் இருக்கும். வேலைக்கும் வீட்டுக்கும் சம்பந்தமில்லாத ஒரு காரியமும் வேண்டும். எனக்கு நூலகம், பி ஷிப்ட் வாரக் காலைகளில் நாலு பத்திரிகை படித்துவிட்டு வருவேன். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் மொட்டை மாடியில் கீரை போடுகிறார். இன்னொருவர் பம்பை வாசிக்கப் போகிறார். எது என்பது முக்கியமில்லை, டார்கெட் இல்லாத ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் தம்பிகளுக்கு அழுத்திச் சொல்வேன். தூக்கம் வருவதற்காக ஒரு கட்டிங் என்று ஆரம்பிக்காதீர்கள். மது கண்ணை மூட வைக்கும், ஆனால் தூக்கத்தின் பின்பாதியைக் கெடுக்கும். விழிக்கும்போது களைப்பு இரண்டு பங்காக இருக்கும். அடுத்த நாள் ஒன்றுக்கு இரண்டு தேவைப்படும். டாஸ்மாக்கில் தூக்கம் வாங்கியவர்கள் அதற்குக் கொடுத்த விலையை இந்த ஊர் நிறையவே பார்த்திருக்கிறது.

ஜன்னலே இல்லாதவர்கள்

இதையெல்லாம் என்னால் செய்ய முடிகிறதென்றால் அதற்குக் காரணம் என் மனவுறுதி மட்டும் இல்லை. எனக்குத் தனி அறை இருக்கிறது. நான் நிரந்தரத் தொழிலாளி. மிக்ஸியை நிறுத்தி வைக்கிற குடும்பம் இருக்கிறது.

எங்கள் ஆலையில் டிரெய்னியாக இருக்கும் ஒரு பையன், ஒற்றை அறையில் எட்டுப் பேரோடு தங்கியிருக்கிறான். மூன்று ஷிப்ட்காரர்களும் கலந்து இருப்பதால் அந்த அறையில் லைட் அணைவதே இல்லை. ஒருத்தன் எழுந்த பாயில் அடுத்தவன் படுக்கிறான். “அண்ணே, எந்திரிச்சா இது பகலா ராத்திரியான்னே புரியல. போனப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன்” என்றான். ஃபிளெக்ஸ் பேனர் யோசனையைச் சொன்னேன். “அந்த ரூம்ல ஜன்னலே இல்லண்ணே” என்றான். அப்புறம் மெதுவாக, “நாளைக்கு என்ன ஷிப்ட்டுன்னு சாயங்காலம்தாண்ணே மெசேஜ் வரும்” என்றான். காண்ட்ராக்ட் பிள்ளைகளும் டிரெய்னிகளும் இப்படித்தான் இருக்கிறார்கள். நாளை எப்போது தூங்குவோம் என்றே தெரியாதவனிடம் அன்றாட ஒழுங்கு பற்றி என்ன பேசுவது?

தங்குமிடம் மனநலத்தோடு எவ்வளவு பின்னியது என்பதை 2021 டிசம்பரில் நாடே பார்த்தது. பூந்தமல்லி பக்கம் ஒரு விடுதியில் தங்கியிருந்த ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களில் 150-க்கும் மேற்பட்டோர் கெட்டுப்போன உணவால் மருத்துவமனைக்குப் போக, ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். வெளியே உணவு விஷயமாகத் தெரிந்தது. உள்ளே நெரிசலான அறைகள், போதாத கழிப்பறைகள் என்று பல நாள் புழுக்கம் இருந்தது. பின்னால், 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை முதல்வர் திறந்துவைத்தார். நல்ல மாற்றம். சாலையில் உட்கார்ந்த பிறகுதான் வந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

தன்னைப் பேணிக்கொள்ள நேரம் கேட்பது எங்கள் தலைமுறையின் சொகுசு என்று நினைப்பவர்களுக்காக ஒரு பழைய செய்தி. 1918 ஏப்ரல் 27-இல் பெரம்பூரில் பி.பி. வாடியா தலைமையில், திரு.வி.க. துணைநிற்க, சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பின்னி ஆலைத் தொழிலாளர்கள் அன்று முன்வைத்த குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் இடைவேளை போதவில்லை என்பது. உட்கார்ந்து சாப்பிட இன்னும் சில நிமிடம் கேட்டார்கள். 1936 ஜூலை 30-இல் புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுக் காவல்துறை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே எட்டு மணி நேர வேலை சட்டமானது. 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி ஓய்வு, நின்று வேலை செய்பவர்கள் உட்கார ஏற்பாடு என்றெல்லாம் எழுதி வைத்தது. 2023 ஏப்ரல் 21-இல் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியபோது எல்லாத் தொழிற்சங்கங்களும் எதிர்த்ததும், அந்த மே தினத்தன்று முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்ததும் இந்த வரலாற்றின் தொடர்ச்சிதான். பன்னிரண்டு மணி நேர வேலையும் மூன்று மணி நேர பஸ்ஸும் போனால் மிஞ்சுவது ஒன்பது மணி நேரம். சமைத்து, சாப்பிட்டு, குளித்து, தூங்கி, பிள்ளையிடம் பேசி, மனதையும் பேண அது போதுமா?

யார் என்ன செய்ய வேண்டும்

அக்டோபர் 10, உலக மனநல நாள். அன்று எங்கள் ஆலையில் ஒரு பேச்சாளரைக் கூப்பிடுவார்கள். ஷிப்ட் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் உட்கார வைப்பார்கள். மூச்சுப் பயிற்சி, கைதட்டல், குரூப் போட்டோ. நைட் முடித்தவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். அந்த ஒரு மணி நேரத்தை வீட்டுக்குப் போகவிட்டிருந்தால் அதுவே பெரிய மனநல நிகழ்ச்சி.

நிர்வாகங்கள் செய்யக்கூடியவை எளியவை. ஷிப்ட் சார்ட்டை இரண்டு வாரம் முன்னதாகவே ஒட்டுங்கள், காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் சேர்த்து. ஷிப்டை ஏ, பி, சி என்ற வரிசையில் முன்னோக்கி மாற்றுங்கள். தூக்கத்தைத் தள்ளிப்போடுவது உடம்புக்கு எளிது, முன்னால் இழுப்பதுதான் கஷ்டம். நைட் முடித்தவனுக்கு அடுத்த ஷிப்டுக்குள் ஒரு முழுத் தூக்கத்துக்கு இடம் விடுங்கள். ஓ.டி.யை முதல்நாளே சொல்லுங்கள். நைட்டில் இருபது நிமிடம் கண்ணயர ஓர் இருட்டறையும் நாலு சாய்வு நாற்காலியும் போடுங்கள். விபத்து குறையும், ரிஜெக்‌ஷனும் குறையும். மனநல ஆலோசகர் வைத்தால் அவரை எச்.ஆர். அறைக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். அங்கே போவதை லைன் லீடர் பார்ப்பார் என்று தெரிந்தால் யாரும் போக மாட்டார்கள்.

அரசுக்கும் ஒரு யோசனை. ஆலைகளுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ 2024 தொடக்கத்தில் வந்தது. வரிசையில் நிற்கும் தொழிலாளியிடம் கூடவே இரண்டு கேள்வி கேட்கலாம்: கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஈடுபாடு இல்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்தீர்களா? உலகம் முழுக்க மருத்துவர்கள் முதல் சோதனையாகக் கேட்பவை இவைதான். கேட்க ஒரு நிமிடம் ஆகாது. தூக்கம் எப்படி என்ற மூன்றாவது கேள்வியை இந்தப் பகுதிக்காகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒழுங்கு போதாதபோது

நல்ல தூக்கமும் மலைப்படியும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, லீவு நாளிலும் தூக்கமில்லை, பசியில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் அது வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயம். 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். நைட் ஷிப்ட் இடைவேளையில் நடுராத்திரிக்கும் எடுப்பார்கள் என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய வசதி. 1986 முதல் சென்னையில் இயங்கிவரும் ‘ஸ்நேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பை 044-24640050 எண்ணில் அழைக்கலாம். அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் மனநோய்க்கும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையிலேயே வைத்தியம் பார்க்கலாம். மருத்துவர் சான்று கொடுத்தால், தகுதிக்கு உட்பட்டு ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். காலில் இரும்பு விழுந்தால் எப்படி லீவு எடுப்போமோ அப்படியே இதற்கும் எடுக்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டமும் உடல்நோய்க்குச் சமமாகவே மனநோயையும் நடத்தச் சொல்கிறது.

ஷிப்ட் பார்க்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்: ஐந்து மணிக்கு எழ முடியவில்லையே என்று வருந்தாதீர்கள். எந்த நேரத்தில் எழுந்தாலும் அதே நாலு காரியத்தை அதே வரிசையில் செய்யுங்கள், தூக்கத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள், வாரத்துக்கு ஒரு வேளையாவது வேண்டியவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அறையில் எட்டுப் பேர் என்றால், எட்டுப் பேரும் பேசி ஷிப்ட்வாரியாக இடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள், லைட்டை அணைக்க ஒரு நேரம் வையுங்கள். குன்றத்தூரிலும் மாங்காட்டிலும் அறை வாடகைக்கு விடும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்: ஓர் அறைக்கு ஒரு ஜன்னலாவது வையுங்கள். நிர்வாகங்களுக்கு: அடுத்த மாதத்தின் ஷிப்ட் சார்ட்டை இந்த மாதமே ஒட்டுங்கள். பத்துப் பைசா செலவில்லாத மனநலத் திட்டம் அது.